இடம் மாத்துற ப்ரோகிராம்

அந்தப் பச்சைக் கட்டைப்பை உங்களுதா அக்கா? முன்வரிசையில, உள்ள ஒரு செங்கல்லு வச்சு நிக்கே, அதுதான். உங்களுதா? அப்போ எதுக்கு வெயில்ல காயுதீங்க? இங்க வாங்க, வேப்பமரத்துக்குக் கீழ வாங்க. எங்க ஊரு ரேஷன் கடையில ஆளு நிக்க வேண்டாம். பை நின்னாப் போதும். நாம நிழல்ல உக்காந்து ஊர்க்கதை பேசலாம். அந்தா உள்ள மெஷினைத் தட்டிக்கிட்டு இருக்காரே, அவருதான் சேர்மத்துரை அண்ணன். முன்னாடி இருக்கிற பையில என்ன பேரு எழுதியிருக்கோ அதைப் பாத்துக் கூப்பிடுவாரு. எந்திரிச்சுப் போனா சரக்கு. அவ்வளவுதான்.

பேரு எழுதலியா? எழுதிருங்க அக்கா. இல்லேன்னா அவரு "பச்சைப்பை, பச்சைப்பை"ன்னு கத்துவாரு, அந்தப் பேரே நிலைச்சிரும். எங்க தெருவுல ஒரு மயினியை இன்னமும் "உரச்சாக்கு"ன்னுதான் கூப்பிடுதாங்க. ஒரு தடவைதான் உரச்சாக்கு கொண்டு வந்தாங்க, பாவம்.

பால் சொசைட்டிக்குப் பக்கத்துல புதுசா குடி வந்தது நீங்கதானே? நினைச்சேன். நான் கோமதி. கோமுன்னே கூப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான். இது என் மக, தன்ஷிகா. ஏட்டி, பெரியம்மாவுக்கு டாட்டா காட்டு. காட்ட மாட்டா. வீட்டுல வாய் ஓயாது, வெளிய வந்தா என் முந்தானைக்குள்ள போயிருவா.

அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைச்சுக்கிடக் கூடாது. என் பை உங்க பைக்கு ரொம்பப் பின்னால நிக்கி. அந்தா, நீலக் கலரு, காது பிஞ்சு போனது. உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லேன்னா நம்ம ரெண்டு பையையும் மாத்தி வச்சுக்கிடுவோமா? எனக்குப் பத்தரை பஸ்ஸைப் பிடிச்சே ஆகணும். டவுன்ல மத்தியானம் பரீட்சை.

நல்லா இருப்பீங்க அக்கா. இருங்க, இப்பவே மாத்தி வச்சிட்டு வந்திருதேன். பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.

...வச்சாச்சு. சுப்புத்தாய் மயினி ஒரு சத்தம் போட்டாங்க, கேட்டுச்சா? "ஏட்டி கோமு, பட்டப்பகல்லயே வேலையைக் காட்டுதியா?"ன்னு. "அவங்க மனசாரக் குடுத்திருக்காங்க மயினி, உங்களுக்கு எங்க வலிக்கு?"ன்னேன். சும்மா விளையாட்டுக்குத்தான், நல்லவங்க. ஆனா பாத்துக்கிடுங்க அக்கா, இந்த இடத்துல வாயால சொன்னாப் பத்தாது. கையோட மாத்தி வச்சிரணும். அதுல எனக்கு ஒரு கதையே இருக்கு, சொல்லுதேன்.

பரீட்சைதான். நானுந்தான். ஏன், எழுதக் கூடாதா? நான் பி.சி.ஏ. படிச்சவ அக்கா. முடிச்சேன்னு சொல்லலாம். முடிக்கலன்னும் சொல்லலாம். எல்லாத்துலயும் பாஸ், ஒண்ணே ஒண்ணு மட்டும் காலைப் பிடிச்சு இழுக்கு. சி ப்ராக்டிகல். முதல் வருசத்துப் பேப்பர். எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூமு இருந்துச்சு, சாவிதான் ஹெட்மாஸ்டர்கிட்ட இருந்துச்சு. ஜன்னல் வழியாத்தான் கம்ப்யூட்டரைப் பாத்திருக்கோம். காலேஜுக்குப் போயி மௌஸைப் பிடிச்சப்ப எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சு. அதுல விழுந்த அரியர். அதுக்குள்ள கல்யாணம், பிள்ளை. இந்தத் தடவையோட அந்தப் பழைய பாடத்திட்டம் முடியுதாம். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான், டிகிரி கைக்கு வராது. வந்தா டவுன்ல ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேபைப் பாத்துக்கிட ஆள் கேக்காங்க. அந்த ஸ்கூல் மேடம் நல்லவங்க. "சர்டிஃபிகேட்டோட வா, உன் பிள்ளையையும் இங்கேயே சேத்துக்கிடுதேன்"னு சொல்லியிருக்காங்க. நானும் அவளும் ஒரே பஸ்ஸுல போயி ஒரே பஸ்ஸுல வந்திரலாம். ஜன்னலோரம் யாருக்குன்னுதான் சண்டை வரும்.

அப்ப இன்னைக்குப் போயி எதுக்கு ரேஷனுக்கு வந்தேன்னு கேக்கீங்க. நியாயம்தான். மாசக் கடைசிலா அக்கா. பருப்பும் பாமாயிலும் நேத்துதான் வந்துச்சு, இன்னைக்கு விட்டாப் போயிரும். அதுவும் எங்க வீட்டுல என் விரல் மட்டுந்தான் இந்த மெஷினுக்குப் பிடிக்கும். எங்க வீட்டுக்காரரு சென்னையில மளிகைக் கடையில நிக்காங்க. இவ விரலைப் பாத்தீங்கல்லா, பட்டாணி மாதிரி இருக்கு. மிச்சம் எங்க அத்தை, ஆவுடையம்மா. சின்ன வயசுல இருந்து பீடி சுத்துன கை. இலையும் தூளும் பட்டுப் பட்டு ரேகையே தேஞ்சு போச்சு. வச்சா விழாது. "எனக்கு விழாது தாயி, நீதான் போகணும்"னு எப்பவும் சொல்லுவாங்க. காலையில நான் சேலையைக் கட்டிக்கிட்டு நிக்கேன், அப்பத்தான் அவங்களுக்கு ரேஷன் ஞாபகமே வருது. வயசாகுதுல்லா. "பரீட்சை மத்தியானம்தானே, பஸ்ஸுக்கு முன்னால ஓடிப் போயி விரலை வச்சிட்டுப் போயிரு"ன்னாங்க. நானும் சரின்னு ஓடி வந்தேன். வாங்கி வீட்டுல போட்டு, பிள்ளையை அவங்க கையில குடுத்திட்டு, ஏறிர வேண்டியதுதான். ஹால் டிக்கெட்டை மட்டும் இந்தா, இடுப்புலயே சொருகிட்டேன். அதை வீட்டுல வைக்கதுல ஒரு ராசி இல்ல எனக்கு.

அத்தையைக் குத்தம் சொல்லுதேன்னு நினைக்காதீங்க அக்கா. அவங்க மாதிரி ஒரு மாமியாரு அமையாது. அடிச்சதில்ல, வஞ்சதில்ல. என் மேல உசிரு. அதனாலதான் என் நேரத்தைப் பாருங்க, எனக்குப் பரீட்சைன்னாலே அவங்களுக்கு ஏதாவது வந்திரும்.

முதல் தடவை வாசப்படி இறங்குதேன், அடுப்படியில டம்முன்னு சத்தம். பாத்தா அத்தை செவத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க. கண்ணை இருட்டுதுங்காங்க. விட்டுட்டுப் போக முடியுமா? எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்து, காலைப் பிடிச்சு விட்டு, அன்னைக்குப் பொழுது அப்படியே போச்சு. சாயங்காலம் சரியாகி, தெருவுல ஒரு காதுகுத்துக்குப் போயி, பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தாங்க. நல்லவேளை, சாமி காப்பாத்துச்சு.

இன்னொரு தடவை ஹால் டிக்கெட் பீரோவுக்குள்ள மாட்டிக்கிடுச்சு. என் லேப்டாப்பும் அதுக்குள்ளதான் கிடக்கு, ஸ்கூல் முடிச்சு ரெண்டு வருசம் கழிச்சு கவர்மெண்ட் குடுத்தது. தூசி படக் கூடாதுன்னு அத்தை பூட்டி வச்சிருக்காங்க. அன்னைக்குன்னு பீரோ சாவியைக் காணும். வீட்டையே தலைகீழாக் கவுத்திட்டோம். அத்தையும்தான் என் கூடச் சேந்து தேடுனாங்க, கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு. மறுநாள் பாத்தா அரிசிப் பானைக்குள்ள கிடக்கு. அவங்களுக்கே வெக்கமாப் போச்சு. "என் மறதியில மண்ணு விழ"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. நான்தான் சமாதானம் சொன்னேன்.

நடுவுல ஒரு தடவை போனேன் அக்கா. போயி உக்காந்தும்தான் கோட்டை விட்டேன். அது முழுக்க என் தப்பு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்ன கேள்வி வந்துச்சுன்னா, கொஞ்சம் பேரைக் குடுத்து ஏ, பி, சி வரிசையில அடுக்கணும். அதுவும் பாயிண்டர் வச்சு. பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. பேரெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள அது அது கிடக்கிற இடத்துல கிடக்கும். அதைத் தொடவே கூடாது. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. வேல்ச்சாமி இருக்கிற இடத்துல தன்ஷிகாவைத் திணிச்சா அடங்குமா? டீச்சருக்குப் போடுற டி போட்டு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, இவ பேரு எங்க வீட்டுக்காரரு பேரை விட நீளம். வழிஞ்சு பக்கத்து இடத்தைக் கெடுத்திரும். அதனால பேரு எங்க இருக்குங்கிற முகவரியை மட்டும் வரிசையா அடுக்கி வச்சிருப்போம். அந்த முகவரிதான் பாயிண்டர். ரெண்டு ரெண்டாப் பாக்கணும். முன்னாடி இருக்கிறது பின்னாடி வர வேண்டியதுன்னா ரெண்டு முகவரியையும் இடம் மாத்தணும். பேரு அசையாது, முகவரிதான் அசையும். கடைசியில வரிசைப்படி படிச்சா எல்லாம் ஒழுங்கா வந்து நிக்கும். இந்தா, நாம இங்க நிழல்ல சாவகாசமா உக்காந்திருக்கோம், நமக்குப் பதிலா பை நிக்கி. அதே மாதிரி.

இடம் மாத்துற வேலையைத் தனியா ஒரு ஃபங்ஷனுக்கு ஒதுக்கிருவாங்க. ஸ்வாப்புன்னு பேரு. நான் அழகா எழுதினேன் அக்கா. பேரு என்ன குடுக்கன்னு யோசிச்சு, எங்க வீட்டுப் பேரையே குடுத்தேன். வேல்ச்சாமி, கோமதி, ஆவுடை, தன்ஷிகா. அப்ப இவ பிறக்கல, ஆனா பேரு வச்சாச்சு. ரன் பண்ணுதேன். வேல்ச்சாமி, கோமதி, ஆவுடை, தன்ஷிகான்னே வருது. குடுத்த மாதிரியே. திருப்பி ரன் பண்ணுதேன். அதே. கம்ப்யூட்டருக்குத்தான் எங்க வீட்டு வரிசை பிடிச்சுப்போச்சோ என்னவோ.

பரீட்சை வைக்க வெளிய இருந்து வந்த சாரு என் பின்னால வந்து நின்னாரு. "என்னம்மா, ஒண்ணும் மாறலியே?"ன்னாரு. "உள்ள மாறுது சார்"னேன். நிஜமாத்தான். அந்த ஸ்வாப்புக்குள்ளேயே ஒரு ப்ரிண்ட் போட்டுக் காட்டினேன். உள்ள பாத்தா மாறித்தான் இருக்கு. அதை விட்டு வெளிய வந்தா பழையபடி கிடக்கு. அவரு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. "உள்ள மாறி என்ன பிரயோஜனம்? வெளிய மாறணும்லா?"ன்னுட்டு அடுத்த பிள்ளைகிட்டப் போயிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. வயித்துல இவ ஒரு உதை விட்டா.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்ட ஃபோன்ல அழுதேன். ஃபோன்ல அவங்க தங்கம் அக்கா. "நீ படி கோமு. யாரு வேண்டாம்னா? நீ வேலைக்குப் போ. பிள்ளையை அம்மா பாத்துக்கிடுவாங்க. வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வச்சுக்கிடுவோம். பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்துக்கோ, நான் அம்மாகிட்டச் சொல்லுதேன்." எல்லாத்தையும் முடிவு பண்ணிருவோம். ஒவ்வொரு தடவையும் பேசி ஒவ்வொரு தடவையும் முடிவு பண்ணிருவோம். மனசு பஞ்சு மாதிரி ஆயிரும். ஃபோனை வச்சிட்டு அடுப்படிக்குப் போனா சாமான் விளக்கணும், மாவாட்டணும், பீடி இலை நறுக்கணும். அதெல்லாம் நான்தானே பாக்கணும். லேப்டாப்பு பீரோவுலதான் இருக்கு. அவங்க சொல்லியிருப்பாங்க. அத்தை மறந்திருப்பாங்க.

அதனால என்ன? நான் சும்மா விடல. துவைக்கிற கல்லுல கரித்துண்டை வச்சு ப்ரோகிராம் எழுதிப் பாப்பேன். ஒரு பக்கம் துணி ஊறும், ஒரு பக்கம் என் ஸ்வாப்பு கிடக்கும். யாராவது வந்தா ஒரு செம்புத் தண்ணியை ஊத்திருவேன். ஒளிக்கணும்னு இல்ல அக்கா, அத்தைக்குக் கரி கண்ணை உறுத்தும். ஃபோனுல ரன் பண்ணிப் பாக்கிற ஆப்பு இருக்கு, ஆனா பகல்ல ஃபோன் அத்தை மடியில இருக்கும். பிள்ளை பாத்துப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்கிடும்னு. நல்லதுக்குத்தானே சொல்லுதாங்க.

எங்க தப்புன்னு மட்டும் பிடிபடவே இல்ல. கடைசியில இந்த மரத்தடியிலதான் பிடிபட்டுச்சு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

ஒருநாள் இதே மாதிரி கூட்டம். கனியம்மான்னு ஒரு அக்கா, கடைசி வீடு. பிள்ளைக்குக் காய்ச்சல், தோள்ல போட்டுக்கிட்டு தவிக்காங்க. பை எங்கேயோ பின்னால நிக்கி. சுப்புத்தாய் மயினி பை முன்னால. மயினிக்கு மனசு இளகிருச்சு. "நீ முன்னாடி போ தாயி. உன் பிள்ளை என் பிள்ளை மாதிரி. என் இடம் உனக்கு, உன் இடம் எனக்கு"ன்னாங்க. நாம சீனிக்குன்னு கையில ஒரு சின்னப் பை வச்சிருப்போம்லா, அதுலயும் பேரு எழுதியிருக்கும். பேச்சு மாறக் கூடாதுன்னு ரெண்டு பேரும் அந்தக் கைப்பையை மாத்திக்கிட்டாங்க. எல்லாரும் பாத்தோம். கனியக்கா கும்பிடவே செஞ்சிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல சேர்மத்துரை அண்ணன் கூப்பிடுதாரு, "சுப்புத்தாய்!" மயினி பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி அரிசியை அளந்துக்கிட்டாங்க. கனியக்காவுக்கு வந்துச்சே கோவம்! "ஏ சுப்பு, மாத்திக்கிடுவோம்னு சொன்னியே!"

"சொன்னேன். இல்லேங்கலியே."

"சொல்லிட்டு நீ போயி அளக்க? கைப்பையைக் கூட மாத்தினோமே, அதென்ன சும்மா விளையாட்டுக்கா?"

"அவரு என் பேரைக் கூப்பிடுதாரு, நான் போகாம யாரு போவா? வரிசையில நிக்கிற பையை நீ மாத்தி வச்சியா?"

"நீ வாயால சொன்ன பெறகு பை எதுக்குடி?"

சேர்மத்துரை அண்ணன் உள்ள இருந்து கத்துதாரு. "ஏ, ரெண்டு பேரும் நிறுத்துங்க! மரத்தடியில நீங்க என்ன பேசுனா எனக்கென்ன, என்ன கைப்பையை மாத்துனா எனக்கென்ன? என் கண்ணுக்கு முன்னால இருக்கிற இடம், அந்த இடத்துல இருக்கிற பை. அதைப் பாத்துத்தான் கூப்பிடுவேன்!"

எல்லாரும் சண்டையைப் பாக்காங்க, நான் மட்டும் கெக்கெக்கேன்னு சிரிக்கேன். பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க. அக்கா, நான் செஞ்சதும் அதுதானே! நான் என் ஸ்வாப்புக்கு அனுப்பினது கைப்பை. அதே பேரு எழுதின இன்னொரு பை. அது உள்ள போயி கைப்பையைக் கச்சிதமா மாத்திட்டு, முடிஞ்சுதுன்னு வந்திருச்சு. வரிசையில நிக்கிற பை நின்ன இடத்துலயே நிக்கி. நான் அனுப்பியிருக்க வேண்டியது பையை இல்ல, பை நிக்கிற இடத்தை. "இந்த இடத்துல ஒண்ணு இருக்கு, அந்த இடத்துல ஒண்ணு இருக்கு, நேராப் போயி அதைத் தூக்கி மாத்து"ன்னு. முகவரி வச்சிருக்கிற இடத்தோட முகவரி. முகவரின்னு காட்ட ஒரு நட்சத்திரக் குறி போடுவோம், இதுக்கு அது பத்தாது, ரெண்டு நட்சத்திரம் போடணும். புஸ்தகத்துல எத்தனையோ தடவை பாத்திருக்கேன், ஏதோ அச்சுப் பிழைன்னு நினைச்சிருந்தேன்.

அத்தை குளிக்கப் போன நேரம் ஃபோனை எடுத்துப் போட்டுப் பாத்தேன். ஆவுடை, கோமதி, தன்ஷிகா, வேல்ச்சாமி! அடுக்கி வச்ச மாதிரி வந்து நிக்கி. பிள்ளையைத் தூக்கி ஒரு சுத்து சுத்துனேன். அத்தை ஈரத்தலையோட ஓடி வந்து "என்னட்டி ஆச்சு?"ன்னாங்க. "அத்தை, ப்ரோகிராம் ஓடிருச்சு. உங்க பேருதான் முதல்ல வருது!"ன்னேன். அவங்களுக்கும் சந்தோஷம். "வரத்தானே செய்யும்"னாங்க. ஃபோனை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

இப்ப என்னை எந்திரிக்கச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன். அந்த சாரு வந்து எந்தப் பக்கம் நின்னு கேட்டாலும் சொல்லுவேன். ஏன் மாறலன்னும் சொல்லுவேன், எப்படி மாத்தணும்னும் சொல்லுவேன்.

என்ன அண்ணே? என்னது? சர்வர் இல்லியா? எவ்வளவு நேரம் ஆகும்?

தெரியாதாம் அக்கா. போயிருச்சாம். பாருங்க, எனக்கு முன்னால ரெண்டே பைதான் கிடக்கு. வந்திரும். இப்படித்தான் போகும், வந்திரும். பஸ்ஸும் எப்பவும் லேட்டாத்தான் வரும்.

விட்டுட்டுப் போறதா? பையை வேணும்னா உங்ககிட்டக் குடுத்திட்டுப் போகலாம், கார்டைக் குடுத்திட்டுப் போகலாம். விரலைக் கழட்டிக் குடுக்க முடியுமா? பருப்பு இல்லாமப் போனா அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்லவே மாட்டாங்க, அதுதான். வாயைத் திறக்காம ஒரு வாரம் வெறும் ரசத்தை ஊத்திச் சாப்பிடுவாங்க. அதைப் பாக்க முடியாது என்னால.

ஏட்டி, இழுக்காத. அம்மா நிக்கேன்லா.

அந்தா, பாலத்துகிட்ட ஹாரன் அடிக்கு. அண்ணே, வந்துச்சா? சும்மா ஒரு தடவை அமுக்கிப் பாருங்களேன். அண்ணே!

...ஆங். போயிருச்சு. பரவாயில்ல. நிக்கவே இல்ல பாருங்க, இங்க ஏற ஆளில்லன்னா நிக்க மாட்டான். அடுத்தது பன்னெண்டேகாலுக்கு. அது போயிச் சேருறதுக்குள்ள கேள்வித்தாளைக் குடுத்திருவாங்க, கதவைச் சாத்திருவாங்க. சரி விடுங்க. எனக்கும் பரீட்சைக்கும் ஆகாது. அழலக்கா. தூசி.

சர்வர் வந்திருச்சு பாருங்க. பஸ் அந்தப் பக்கம் போகுது, இது இந்தப் பக்கம் வருது. அந்த ரெண்டு பை போனதும் என்னைத்தான் கூப்பிடுவாரு, வாங்க, நீங்களும் கிட்ட வாங்க, என் பேருக்கு அப்புறம் யாரையாவது கெஞ்சி உங்களையும் உள்ள விடச் சொல்லுதேன்.

*

பாத்தீங்கல்லா அக்கா? நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க. என் விரலை வைக்கேன், மெஷினுல செவப்பு லைட்டு. துடைச்சிட்டு வைக்கேன், செவப்பு. எண்ணெய் தேச்சுப் பாத்தாரு, மண்ணுல தேச்சுப் பாத்தாரு. செவப்பு. கரி பிடிச்சு எழுதுனதுல என் ரேகையும் போயிருச்சோ என்னவோ.

அந்த நேரத்துக்குச் சரியா அத்தை வாராங்க பாருங்க! பஸ் போறதை வாசல்ல நின்னு பாத்தாங்களாம். அடடா, பிள்ளை பஸ்ஸை விட்டுட்டாளேன்னு மனசு கேக்காம ஓடி வந்திருக்காங்க. மூச்சு கூட வாங்கல, அவ்வளவு நல்லா நடந்து வந்திருக்காங்க. "போகட்டும் தாயி, உனக்கு எழுதி வைக்கல. வா, மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம்"னு என் கன்னத்தைத் தடவுனாங்க.

சேர்மத்துரை அண்ணன்தான் அவசரப்பட்டுட்டாரு. "ஆத்தா, நீங்க வையுங்க. போன மாசம் கோமு அவ அம்மா ஊருக் கோயில் கொடைக்குப் போயிருந்தப்ப நீங்கதானே வச்சீங்க? முத தடவையே விழுந்துச்சே." அத்தை "எனக்கெங்கப்பா விழும்"னாங்க. அவரு விடல, கையைப் பிடிச்சு வச்சிட்டாரு. பச்சை.

டக்குனு பச்சை அக்கா. என் விரலுக்கு அப்படி விழுந்து நான் பாத்ததே இல்ல.

ஏன் அப்படிப் பாக்கீங்க, அந்தா அரிசி அளந்துக்கிட்டு நிக்கிற அத்தையை? அவங்களுக்கே ஆச்சரியம். "இதென்னடா அதிசயம்"னு சொன்னாங்க, கேட்டீங்கல்லா? பீடி சுத்துறதைக் கொஞ்ச நாளாக் குறைச்சிட்டாங்க, அதுல ரேகை வளந்திருக்கும். ரேகை வளரும்தானே? நகம் வளருதுலா. போன மாசமும் ஏதோ நல்ல நேரம், விழுந்திருக்கும். என்கிட்டச் சொல்ல மறந்திருப்பாங்க. அவங்களுக்கு மறதிதான் ஜாஸ்தி. சாவியையே அரிசிப் பானையில போட்டுட்டு மறந்தவங்கதானே. அன்னைக்கு முழுக்க தேடுனோம், மறுநாள்தான்...

அன்னைக்குக் காலையில நான்தான் அரிசி எடுத்தேன். உலைக்கு.

மத்தியானமும் நான்தான் எடுத்தேன். பானை அடி தெரிஞ்சுது.

...

சரி, விடுங்க. அதை இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு.

என்னக்கா? வண்டியா? உங்க வண்டியிலயா? அந்த செவப்பு ஸ்கூட்டியா? டவுனுக்கா? உங்க பருப்பு, அரிசி எல்லாம்? நாளைக்கு வாங்கிக்கிடுவீங்களா? நாளைக்குக் கிடைக்காது அக்கா, சொன்னேன்லா, இன்னைக்கோட... உங்களுக்கு என்னக்கா, என்னை இன்னைக்குத்தானே பாத்தீங்க.

நேரம் இருக்கு. ஸ்கூட்டியில போனா இருக்குதான்.

அத்தை, இந்த அக்கா கொண்டு விடுதேங்காங்க. பரீட்சைக்கு. இல்ல அத்தை, ஓட்டத் தெரியும் அவங்களுக்கு. விழ மாட்டோம். மூட்டையா? ஆமா, கனமாத்தான் இருக்கு. உங்க இடுப்புக்கு ஆகாதுதான். தெரியும் அத்தை. யாரு என்னன்னு தெரியாதவங்கன்னு சொல்லாதீங்க, பக்கத்துலதான் நிக்காங்க, காதுல விழும். அவங்ககிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.

சேர்மத்துரை அண்ணே, இந்த மூட்டை இங்கேயே கிடக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்.

அத்தை, பிள்ளையைப் பிடிங்க. பிடிங்க அத்தை. அழுவா, அழட்டும், ஒரு முறுக்கு வாங்கிக் குடுங்க. நான் வந்திருவேன் குட்டி. அம்மா வந்திருவேன்லா.

ஏறிட்டேன் அக்கா. சேலையைச் சொருகிட்டேன். எடுங்க.

நல்ல மனசு அக்கா எங்க அத்தைக்கு. இப்பவும் சொல்லுதேன். இன்னைக்கு எனக்காகத்தான் அந்த ரேகை விழுந்திருக்கணும், இல்லேன்னா இந்நேரம் நான் அங்கேயே நின்னுக்கிட்டு இருப்பேன். வெரசாப் போங்க. அந்தத் திருப்பத்துல ஹாரன் அடிக்க வேண்டாம், பரவாயில்ல, போங்க.

கூப்பிடுதாங்க. கேக்குது எனக்கு. நீங்க திரும்பாதீங்க அக்கா. நீங்க திரும்பினா நான் இறங்கிருவேன்.